யானைக்கும் பல்லைப் பிடிச்சுப் பாரு, மருமகனே

வாய்யா மருமகனே, வா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. ஒரு காலு ஆடும், பாத்து உக்காரு. பழசுதான். ஆனா அதை நான் காசு குடுத்து வாங்கல, கல்யாண வீட்டுல மிஞ்சினது. அதனால ஆடினாலும் எனக்குக் கவலை இல்ல. நீ என்னமோ காசு குடுத்தே ஒண்ணை வாங்கப் போறியாமே? உங்க அத்தை காலையில இருந்து அடுப்படியில நின்னு அதையேதான் புலம்பிக்கிட்டுக் கெடக்கா. செல்லுல போட்டா வச்சிருக்கியாம்ல, காட்டு பாப்போம்.

அடேயப்பா! மஞ்சக் கலரு அடிச்சு, டயருக்குக் கருப்புப் பூசி, கண்ணாடிக்கு எலுமிச்சம்பழம் கட்டி, மூஞ்சியில ஒரு மாலை வேற. மாலைய யாரு போட்டது, விக்கிறவனா? அப்ப வண்டியோட நெலமை அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

2009 மாடலு குட்டி யானை, வெலை 1,35,000. "ஒத்தை ஆளு ஓட்டின வண்டி மாமா"ங்கிற. ஒத்தை ஆளுதாம்ப்பா ஓட்டியிருப்பான். ஒரு நேரத்துல ரெண்டு பேரு எப்பிடி ஓட்ட முடியும்?

நம்ம மதுரை மாட்டுத்தாவணிக்கு ஏன் அந்தப் பேருன்னு தெரியுமா? இப்பப் பஸ் ஸ்டாண்டும் பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டுமாக் கெடக்கு. ஆதியில அது மாட்டுச் சந்தை கூடின எடம். தாவணின்னாலே மாட்டுச் சந்தைதான். விக்க வர்றவன் ரெண்டு நேரம் பாலைக் கறக்காம விட்டு, மடிய வீங்க வச்சுக் கொண்டாருவான். கொம்பைச் சீவி, எண்ணெயத் தடவி, கெழட்டு மாட்டைக் கொமரியாக்கி நிப்பாட்டுவான். வாங்க வந்தவன் மட்டும் எளைச்சவனா? பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான், வாலைத் தூக்கியும் பாப்பான். கடைசியில துண்டுக்குள்ள கைய விட்டு வெரலைப் பிடிச்சு வெலை பேசுவான். எங்க அய்யா ஐநூறு ரூவா மாட்டுக்கு அம்புட்டும் பண்ணாரு. நீ ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல போற யானைக்குப் போட்டாவப் பாத்துட்டு அட்வான்சு குடுக்கக் கெளம்பிட்ட.

நான் வண்டியக் கொறை சொல்லல. நல்ல சாதி அது. 2005 மே மாசம் டாடா கம்பெனிக்காரன் ஏஸுன்னு பேரு வச்சு எறக்கினான். ரெண்டேகால் லட்சத்தை ஒட்டி வெலை. வடக்க சோட்டா ஹாத்தின்னான், நம்ம ஊருல குட்டி யானைன்னோம். அதுவரைக்கும் மூணு சக்கர வண்டியில மொகத்தைக் காத்துல குடுத்துக்கிட்டுப் போனவன், நாலு சக்கரமும் கதவும் உள்ள வண்டியில ஏறி உக்காந்து, நானும் ஒரு ஓனருன்னு தலை சீவ ஆரம்பிச்சது அப்பத்தான். 2012க்குள்ள பத்து லட்சம் வண்டி போயிருச்சு. இஞ்சின் எதுங்கிற? அவுங்க இண்டிகா காரு டீசல் இஞ்சினு இருக்குல்ல, 1,405 சி.சி., நாலு சிலிண்டரு. அதைச் சரிபாதியா வெட்டினாப்புல 702 சி.சி., ரெண்டு சிலிண்டரு, 16 குதிரைச் சக்தி. பதினாறு குதிரைய வச்சு ஒரு யானைய இழுக்க வச்சிருக்கான் பாரு, கெட்டிக்காரன்.

ஆனா அவன் ஒண்ணு தெளிவாச் சொல்லித்தான் வித்தான். முக்கால் டன்னு ஏத்து, அதுக்கு மேல ஏத்தாதன்னான். நம்மாளு வண்டியோட வெளிய வந்து, மொத வளைவுலயே அதை மறந்துட்டான். வண்டியும் லோடும் சேந்து 1,550 கிலோன்னு ஆர்.சி.யில இருக்கும். சோழவந்தான் தேங்காயும் ஒட்டன்சத்திரம் தக்காளியும் ஆர்.சி.யப் படிச்சுட்டா ஏறும்? செங்கல்லு ஏறுச்சு, சிமெண்டு மூட்டை ஏறுச்சு, ஆத்து மணலு ராத்திரியில ஏறுச்சு. பின்னாடி ஸ்பிரிங் பட்டை மட்டமாப் போச்சுன்னா, கூட ரெண்டு பட்டைய வச்சு முடுக்கிட்டு மறுபடி ஏத்தினாங்க. பதினஞ்சு வருசம் தாண்டின வண்டி வாங்குறவன் வண்டியவா வாங்குறான்? எவன் எவனோ ஏத்தின பாரத்தை வெலைக்கு வாங்குறான்.

சரி, பாக்கப் போறியா? சொல்லிட்டுப் போகாத. பொண்ணு பாக்கத்தான் சொல்லிட்டுப் போகணும். வெள்ளன அஞ்சு மணிக்குப் போய் நில்லு. சீட்டைத் தூக்கு, இஞ்சின் அதுக்கு அடியிலதான் இருக்கு. மேல கைய வையி. சுட்டுச்சுன்னா, அவன் உனக்கு மின்னாடியே எந்திரிச்சு அதைச் சூடேத்தி வச்சிருக்கான். கோவப்படாத. "அண்ணே, டீ குடிச்சுட்டு வரலாம்"னு கூட்டிக்கிட்டுப் போயி, நல்லா ஆறுற வரைக்கும் ஊர்க்கதை பேசு. அதுல நீ கெட்டிக்காரந்தான். ஆறின இஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொல்லு.

இந்த மாதிரி டீசல் இஞ்சினுக்குக் குளிருல ஹீட்டர் பிளக்கு வேணும். நம்ம ஊரு சித்திரை வெயிலுல அது செத்துக் கெடந்தாலும் தெரியாது, சூரிய பகவானே ஹீட்டர் வேலையப் பாத்துருவாரு. மார்கழி மாசம் நாலு மணிக்குப் பூ லோடுக்குக் கெளம்பயிலதான் செல்ப் மோட்டாரு கிர்ரு கிர்ருன்னு இழுத்துட்டுப் படுத்துரும். பெறகு தள்ளணும். அந்த நேரத்துல தள்ள ஆளு கெடைக்காது, நாயிதான் தொணைக்கு வரும்.

எடுத்த உடனே பின்னாடி போயி பொகையப் பாரு. கருப்பாத் தள்ளினா டீசலு சரியா எரியல, நாசிலோ பம்போ ஏர் பில்டரோ பாக்கணும். நீலமா வந்தா ஆயில எரிச்சுக் குடிக்குது, ரிங்கு தேஞ்சு போச்சு. சூடான பெறகும் வெள்ளையா வந்துக்கிட்டே இருந்தா, தண்ணி போகக் கூடாத எடத்துக்குப் போகுது. பொகையே இல்லைன்னா சந்தோசப்படாத. கெட்டி ஆயில ஊத்திச் சத்தத்தையும் பொகையையும் ரெண்டு நாளைக்கு அமுக்கி வைக்கிற வித்தை எல்லாப் புரோக்கருக்கும் தெரியும். மடிய வீங்க விட்ட கதைதான்.

அதுக்கு ஒரு மாத்து இருக்கு. இஞ்சின் ஓடுறப்பவே ஆயில் ஊத்துற மூடியக் கழட்டி, கவுத்து அந்த ஓட்டை மேலயே வையி. சும்மா லேசா ஆடிக்கிட்டு உக்காந்திருந்தா பரவாயில்ல. எகிறிக் கீழ விழுந்துச்சுன்னா, நீயும் எந்திரிச்சு வந்துரு. உள்ள பிஸ்டன் பக்கமா அழுத்தம் கசியுது, போரு வேலை காத்துக்கிட்டிருக்கு. போன மாசம் புதூருல தெரிஞ்ச பட்டறையில கேட்டேன், போரு, பிஸ்டன், ரிங்கு, கிராங்கு கிரைண்டிங்கு, கூலின்னு நாப்பதாயிரத்தை நெருங்குதுங்கிறான். "நெருங்குது"ன்னு மெக்கானிக் சொன்னா, தாண்டுதுன்னு எழுதிக்க.

ஆயில் கம்பிய உருவிப் பாத்தியா? கருப்பா இருந்தா கவலை இல்ல, டீசல் வண்டி ஆயிலு கருப்பாத்தான் இருக்கும். டீக்கடைப் பால் டீ நெறத்துல இருந்தாத்தான் ஆபத்து. தண்ணியும் ஆயிலும் சம்பந்தி ஆயிருச்சுன்னு அர்த்தம். இந்தச் சம்பந்தம் எப்பிடி முடியுதுங்கிறதை நான் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா நம்ம பக்கத்து வண்டி முக்கால்வாசி சாகுறது இதுலதான்.

நம்ம ஊருத் தண்ணி தெரியும்ல. போர்த் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நொரைக்காது. ஆனா ரேடியேட்டருக்கு மட்டும் அதைத்தான் ஊத்துவோம். கூலண்டு ஊத்துய்யான்னா, "தண்ணிக்குப் போயி காசா"ம்போம். வீட்டுல குடம் உப்புப் பூத்து வெள்ளை கட்டுதுல்ல, அதே மாதிரி ரேடியேட்டர் குழாய்க்குள்ள படியும். குழாய் சுருங்கிப் போச்சுன்னா தண்ணி ஓடாது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுற வரைக்கும் தாக்குப் பிடிக்கும். கத்திரி வெயிலு மேல, முக்கால் டன்னுக்கு ஒண்ணரை டன்னு பின்னால, ரெண்டாவது கியருல முக்கி முக்கி ஏறுறப்ப முள்ளு செவப்புக்குப் போயிரும். இந்த வண்டியில முள்ளைப் பாக்க வேண்டியது கூட இல்ல. இஞ்சின் சீட்டுக்கு அடியிலங்கிறதால, மொதல்ல சேதி வர்றது உக்காந்த எடத்துக்குத்தான். சூடு தாங்காம நெளிஞ்சு உக்காருவியே ஒழிய நிப்பாட்ட மாட்ட. நிப்பாட்டினாலும் என்ன பண்ணுவ? பச்சைத் தண்ணிய மொண்டு கொதிக்கிற இஞ்சின்ல ஊத்துவ. சிலிண்டர் ஹெட்டு கோணிரும், கேஸ்கட்டு போயிரும், தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கிரும். ஹெட்டைக் கழட்டி, லேத்துல குடுத்து மட்டம் பண்ணி, வால்வு தேச்சுப் பூட்ட இப்பப் பத்தாயிரம் கிட்ட ஆகும். ஒரு கேன் கூலண்டு சில நூறு ரூவா. அதுல மிச்சம் பிடிச்சவன் நம்மூருல எத்தனை பேருங்கிற? என்னயும் சேத்துக்க.

அடுத்து ஒரு சாமான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. டைமிங் பெல்ட்டு. ரப்பரு. இஞ்சினுக்குள்ள வால்வும் பிஸ்டனும் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காம முறை வச்சு ஏறி எறங்க வைக்கிறது அதுதான். தேரு இழுக்கயில வடம் மாதிரின்னு வச்சுக்க. அந்து போறதுக்கு மின்னாடி அது ஒரு சத்தம் குடுக்காது, ஒரு பொகை காட்டாது. நல்லா ஓடுற வண்டி டப்புன்னு நிக்கும். தெறந்து பாத்தா வால்வெல்லாம் வளைஞ்சு கெடக்கும். விக்கிறவன்கிட்ட "பெல்ட்டு எப்ப மாத்தினீங்க"ன்னு கேளு. "போன வருசந்தான்"பான். எல்லாரும் அதான் சொல்வாங்க, அது ஒரு மந்திரம். பில்லு கேளு. இல்லைன்னா வாங்கின அன்னைக்கே, சாமி கும்பிடுறதுக்கு மின்னாடி, பெல்ட்டை மாத்து. ரெண்டாயிரம் மூவாயிரத்தோட போகும். சாமிக்குக் கோவம் வராது.

ரெண்டு சிலிண்டரு இஞ்சின்னா குலுங்கத்தான் செய்யும், அது அதோட பொறவி. குலுங்கிக் குலுங்கி மவுண்டிங் ரப்பரு போகும், சைலன்சர் பிராக்கெட்டு வெடிக்கும், ஒயரிங்கு எங்கயாச்சும் உரசி ராத்திரியில வெளக்கு நிக்கும். இதெல்லாம் சில்லறைச் செலவு. ஆனா சில்லறைதான் ஆளைக் கொல்லும். பெரிய செலவு வந்தா கடன் வாங்கியாச்சும் முடிச்சுருவ. சில்லறைய டீக்காசுலயும் பீடிக்காசுலயும் சேத்துக் கணக்கே எழுத மாட்ட.

முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. டொக்கு டொக்குங்குதா, கிங்பின்னு தேஞ்சிருக்கு. கிரீசு அடிக்காத பாவம். காரு மாதிரி நெனைக்காத, இதுக்கு முன்னாடியும் பட்டையும் ஆக்சிலும்தான். பெடல் ரப்பரையும் ஒரு பார்வை பாத்துக்க. மீட்டரு 68,000ன்னு காட்டும். பெடல்ல ரப்பரு தேஞ்சு இரும்பு தெரியும். ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு நீயே முடிவு பண்ணு.

குனிஞ்சு அடியில பாத்தியா? பாத்திருக்க மாட்ட, வெள்ளைச் சட்டை. சேசில புதுசாக் கருப்புப் பெயிண்டு அடிச்சிருந்தா நகத்தால சொரண்டு. மீன் லோடு அடிச்ச வண்டின்னா, ஐஸு கரைஞ்ச உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி இரும்பு அப்பளமா இருக்கும். எங்கயாச்சும் வெல்டிங் வச்ச தழும்பு இருந்தா, பாரம் தாங்காம ஒரு தடவை முறிஞ்ச எடம் அது. ஸ்டெப்னி கீழ தொங்குதா? போட்டாவுல இல்லையா? சரி, இருக்காது. விடு.

மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுத்தான் போவேங்கிற. தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்க. வண்டி நல்லா இல்லைன்னா அவனுக்குத் தொழிலு, நல்லா இருந்தா அவனுக்கு என்ன லாபம்? அதனால "வாங்குங்கண்ணே, பாத்துக்கலாம்"பான். அந்தப் பாத்துக்கலாம்ங்கிற சொல்லுக்குத் தமிழ்நாட்டுல இருக்கிற வெலை வேற எந்தச் சொல்லுக்கும் இல்ல. கிளட்சு வழுக்குதுன்னு வண்டிய விடு. பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்கு, கூலின்னு ஆறாயிரம்பான். கியர் பாக்ஸை எறக்கினதும் போன் வரும்: "அண்ணே, எறக்கியாச்சு, அப்பிடியே கிராங்கு சீலும் மாத்திருவோம், இல்லைன்னா மறுபடி எறக்கணும்." அவன் சொல்றது நெசந்தான். அதுதான் கொடுமை, நெசமாவே இருக்கும். ஒவ்வொரு நெசத்துக்கும் ஒரு ஐநூறு ரூவாக் கூடிக்கிட்டே போகும். ஸ்பேர் கடையில கேட்டா கம்பெனி, லோக்கல், பழசுன்னு மூணு வெலை. நீ கம்பெனி வெலை குடுத்து லோக்கலை வாங்கி, பழசை மாட்டிக்கிட்டு வருவ. அதுக்குத்தான் கழட்டின சாமானை எல்லாம் கையில வாங்கிக்கன்னு சொல்றது. வீட்டுல எடம் அடைக்கும்னு உங்க அத்தை திட்டுவா. திட்டட்டும்.

காயிதம் பாரு. இஞ்சினைக் கூடப் பிரிச்சு மேஞ்சுரலாம், காயிதத்துல விழுந்தா எந்திரிக்க முடியாது. பைனான்சு முடிஞ்சு ஆர்.சி.யில ஹெச்.பி.ங்கிற கடன் பதிவை ரத்துப் பண்ணியாச்சா? எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை எப்.சி., அதுக்கப்புறம் வருசா வருசம். பதினஞ்சு வயசு தாண்டின சின்னச் சரக்கு வண்டிக்கு எப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல்ல இருந்து 7,500ன்னு மத்திய சர்க்காரு ஒசத்துச்சு. பெறகும் விதியைத் திருத்திக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுல இன்னைக்கு எம்புட்டுன்னு நேரா கேட்டுக்க, டீக்கடையில கேக்காத. எப்.சி.க்குக் கொண்டு போகணும்னா பெயிண்டு, ஒளிர்ற பட்டை, பிரேக்கு, வெளக்கு, டிங்கரிங்கு. கல்யாணத்துக்கு மின்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிற செலவு மாதிரி கட்டணத்தைவிட அதுதான் கூட வரும். இன்னொண்ணு, போட்டாவுல மஞ்சளா இருக்கே, ஆர்.சி.யில என்ன கலருன்னு போட்டிருக்கு? கலரை மாத்தினா அங்க பதியணும். பதியலைன்னா எப்.சி.யில யானைய மடக்கி உக்கார வச்சுருவான்.

இன்சூரன்சு. மூணாம் நபர் இன்சூரன்சு மட்டும், ஏழரை டன்னுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு, 2022 ஜூன்ல வந்த பட்டியல்ல 16,049 ரூவா. வரி தனி. முக்கால் டன்னு வண்டிக்கும் அதே பணம், ஏழரை டன்னு வண்டிக்கும் அதே பணம். எறும்புக்கும் யானைக்கும் ஒரே பந்தியில எலை போட்டிருக்கான். பழைய வண்டிதானேன்னு அது கொறையாது.

நல்லதும் ரெண்டு சொல்றேன், மொகம் வாடிப் போச்சே. மூணு டன்னுக்குள்ள மொத்த எடை இருக்கிற சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டு வேண்டாம், சட்டத்துலயே இருக்கு. உன் காரு லைசன்சு போதும். 2017லயே சுப்ரீம் கோர்ட்டு சொன்னதை 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி உக்காந்து மறுபடி உறுதி பண்ணிட்டாங்க. ஏழரை டன்னுக்குள்ள தனி லைசன்சு தேவையில்ல. ஆனா அதுக்காக அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்க, முப்பது பேரைப் பின்னாடி அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிராத. சரக்குக்குச் சொந்தக்காரனோ அவன் ஆளோ கூட வந்தா இன்சூரன்சு உண்டு. சும்மா ஏறி உக்காந்த சனத்துக்கு ஒண்ணும் கெடையாது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டத்துல அபராதம் 20,000, கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனியா. உன் வண்டி வெலையில ஏழுல ஒரு பங்கு, ஒரே சீட்டுல போயிரும்.

நீ சிரிக்கிற. "மாமா, இம்புட்டுப் பாத்தா வண்டியே ஓட்ட முடியாது"ங்கிற. இதே மதுரையிலதான்டா வண்டின்னா நேரத்துக்கு வரணும்னு ஒரு மனுசன் காட்டிட்டுப் போனாரு. டி.வி. சுந்தரம் ஐயங்காரு. 1912லயே பஸ்ஸு விட்டவரு. அப்ப ரோடு பூராவும் மாட்டு வண்டி. மாட்டு லாடத்துல இருந்து ஆணி கழண்டு விழும், டயரு பஞ்சராகும். அந்த மனுசன் ரோட்டைத் திட்டலை, மாட்டைத் திட்டலை. காந்தத்தைக் கட்டின ஒரு வண்டிய ரோட்டுல ஓட விட்டு ஆணியப் பொறுக்க வச்சாருன்னு சொல்வாங்க. ரெண்டாம் உலகச் சண்டை காலத்துல பெட்ரோலு கெடைக்காதப்ப, கரியில வண்டி ஓட்டுற கருவியவே செஞ்சு வித்தாங்க. டி.வி.எஸ். பஸ்ஸு போறதைப் பாத்துக் கடியாரத்தைத் திருப்பி வச்ச கதைய எங்க அய்யா நூறு தடவை சொல்லியிருக்காரு. அவருகிட்ட கடியாரம் இல்ல, அது வேற விசயம். 1972ல அந்த பஸ்ஸெல்லாம் அரசாங்கம் எடுத்துப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம்னு ஆச்சு. ஆணி குத்துறதுக்கு மின்னாடியே காந்தத்தைக் கொண்டு போனது ஒரு கூட்டம். டயரு வெடிச்சப்புறம் ஜாக்கி தேடுறது நாம.

உனக்கு நேரம் எம்புட்டு முக்கியம் தெரியுமா? நீ அடிக்கப் போறது தேங்கா லோடு இல்லையே, மல்லி. வெள்ளன மொட்டாப் பறிச்சு, மொட்டாவே மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல கொட்டணும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. அந்தக் குறியீட்டைக் காட்டி "இன்னும் ரெண்டு மணி நேரம் விரியாம இரு"ன்னு பூவுகிட்டச் சொல்ல முடியாது. செக்கானூரணிக்கிட்ட பெல்ட்டு அந்து நீ நிக்கிறப்ப, பின்னாடி மூட்டைக்குள்ள பூ ஒவ்வொண்ணாக் கண்ணு முழிக்கும். கிலோ எண்ணூறுக்குப் போக வேண்டியது எண்பதுக்குப் போகும். மெக்கானிக் பில்லு மூவாயிரத்தோட முடிஞ்சுரும். பூவுக்காரங்க பத்துப் பேரு மறுநாளு வேற வண்டியப் பிடிச்சுருவாங்க பாரு, அந்தக் கணக்கை எந்தப் பில்லுலயும் எழுத மாட்டாங்க.

இதெல்லாம் எப்பிடி உனக்கு இம்புட்டுத் தெரியும் மாமாங்கிற. போட்டாவ மறுபடி காட்டு. பின் கதவை வெரலால பெருசாக்கு. இன்னும் கொஞ்சம். மஞ்சப் பெயிண்டுக்கு அடியில எழுத்துத் தடம் தெரியுதா? "கருப்பாசாமி துணை." கருப்பசாமிக்கு எதுக்குய்யா ஒரு காலு கூடன்னு கேளு.

பெயிண்டரு கூடப் போட்டுட்டான். எழுத்துக்கு இவ்வளவுன்னு பேசின கூலி, அந்தக் காலுக்கும் சேத்துக் கேட்டான், குடுக்க மாட்டேன்னுட்டேன். அழிக்கவும் மாட்டேன்னு அவனும் போயிட்டான். ஆமாடா, அது நம்ம வண்டி. 2009ல உங்க அத்தை பேருல எடுத்தது. நீ அப்பத் திருப்பூருல பனியன் கம்பெனியில இருந்த. அப்ப அது வெள்ளை. பழைய காயிதத்தைப் புரோக்கரு எடுத்துக் காட்டினான்னா மொத இன்சூரன்சுலயே உங்க அத்தை பேரு இருக்கும். ஒத்தை ஆளாம்ல ஒத்தை ஆளு! எனக்குத் தெரிஞ்சே இது நாலாவது கை.

ஒண்ணரை டன்னு ஏத்திக் கணவாய்ல காய விட்டது நான். உப்புத் தண்ணி ஊத்தினது நான். வாடிப்பட்டிக்கிட்ட பெல்ட்டு அந்து, வால்வு வளைஞ்சு, லாரியில கட்டி இழுத்துக்கிட்டு வந்ததும் நாந்தான். பின்னாடி கூட ரெண்டு பட்டை இருக்கும் பாரு, அது நான் வச்சது. இடது பக்கச் சேசில ஒரு வெல்டிங்கு இருக்கும், அதுவும் என்னோடதுதான். கம்பெனி மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன், நான் பண்ணின கூத்துக்கு வேற வண்டின்னா ரெண்டே வருசத்துல இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஏழு வருசம் என்னைச் சொமந்துச்சு. உங்க அக்கா கல்யாணமே அது ஓடின காசுலதான். 2016ல வித்தேன். விக்கிறப்ப கெட்டி ஆயிலு ஊத்தித்தான் வித்தேன். மொறைக்காத, அப்ப நீ வாங்க வரல.

இப்ப வாங்கலாமா வேண்டாமாங்கிற. புதுசு எடுத்தா மாசம் பத்தாந்தேதி ஆனா டியூவுக்குப் பைனான்சு ஆளு வருவான். பழசு எடுத்தா செலவு தேதி சொல்லாம வரும், அம்புட்டுத்தான் வித்தியாசம். உன் கையில ரெண்டு லட்சம் இருக்குன்னு உங்க அத்தை சொன்னா. அப்பன்னா வண்டிக்கு அதுல பாதிதான். மிச்சத்தைப் போஸ்ட் ஆபீசுல போட்டு, யானைத் தீனின்னு தனியா வையி. மொத மாசமே பெல்ட்டு, கூலண்டு, ஓஸு, ஆயிலு, கிங்பின்னு, நாலு டயருல ரெண்டு, பாட்டரி. அதுக்கே இருபத்தஞ்சு, முப்பது போகும்னு எண்ணி வையி. இன்சூரன்சும் எப்.சி.யும் அதுக்கு மேல. அந்தப் பணம் இல்லாம வாங்கினா, யானை உன் வீட்டு முன்னாடி நிக்கும், நீ நடந்து போவ.

வெலை பேசுறப்ப 1,35,000ங்கிறதைக் காதுலயே வாங்காத. எழுபதுல ஆரம்பி. அவன் கோவிச்சுக்கிட்டு உள்ள போவான், போகட்டும். நீ சேசிக்கடியில குனிஞ்சு அந்த வெல்டிங்கைத் தொட்டுக்கிட்டே நில்லு, தானா வெளிய வருவான். தொண்ணூறுக்கு மேல ஒத்தை ரூவா ஏறாத. ஹெச்.பி. ரத்தான ஆர்.சி., பேரு மாத்துற பாரம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, இதெல்லாம் கைக்கு வராம முழுப் பணத்தைக் குடுக்காத. என்னோட வண்டின்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிராத, என் மேல கேசு போட்டாலும் போடுவான்.

அப்பறம் அந்த ஸ்டெப்னி. அதைத் தேடி அவன்கிட்டச் சண்டை போடாத. நான் விக்கிறப்பவே கழட்டிட்டேன். நம்ம மாட்டுக் கொட்டாயில தண்ணித் தொட்டிக்கு முட்டுக் குடுத்துக் கெடக்கு. வாங்கினா வந்து எடுத்துக்கிட்டுப் போ, வர்றப்ப தொட்டிக்கு ரெண்டு செங்கலு கொண்டா.